ஒன்றரை அடி மண்

நெரவி
14.7.2025

அன்புள்ள பெனி,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். கான்வென்ட்டில் சேர்ந்த புதிதில் வெளியிலிருந்து கடிதம் வந்தால் உனக்குச் சங்கடமாகுமோ என்று தெரியவில்லை. உன் அம்மாவிடம் முகவரி வாங்கி வைத்துக்கொண்டு, எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். அங்கே ஃபோன் கிடையாது, வருகிற கடிதத்தையும் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள் என்று அம்மா சொன்னார்கள். அதனால் செடிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செடிகளைப் பற்றி எழுதினால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

ஜூனில் நீ போன அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போலப் புங்கம் புண்ணாக்கை சைக்கிளில் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தேன். கத்தரி நாற்றங்காலில் மண் காய்ந்து கிடந்தது. நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்து, "பெனி, மணி என்னாவுது தெரியுமாடி?" என்று சத்தம் போட்டேன். உன் அம்மாதான் வந்தார்கள்.

"அவ விடியக்கால பஸ்ஸுக்கே போயிட்டாளேம்மா. ஆன்டோதான் கொண்டுபோய் விடப் போயிருக்கான். நீலாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்னாளே, சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கல்லூரி முடித்த நாளிலிருந்து தினமும் ஒன்றாக நின்று வேலை செய்தவர்கள் நாம். என்னிடம் சொல்லாமல் நீ போய்விட்டாய் என்று உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? புண்ணாக்கை இறக்கி வைத்துவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

சரி, செடிகள். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. கத்தரி நாற்று நாலைந்து இலை விட்டுத் தண்டு திரண்டிருக்கிறது. ஆடி முதல் வாரத்திலேயே மேட்டுப்பாத்தியில் நட்டுவிடுவேன். துலுக்க சாமந்தி மொட்டு வைத்துவிட்டது. மாதா தேருக்கு இந்த வருடமும் நம் பூதான். குண்டுமல்லி வழக்கம்போல நான் சொன்னதைக் கேட்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் பூக்கிறது. மாங்கனித் திருவிழாவுக்குக் கடைத்தெருப் பக்கம் வந்த சித்திக்கா அக்கா, மாடித் தொட்டிக்கு மிளகாய் நாற்று கேட்டார்கள். "அந்த வாயாடிப் புள்ள எங்க?" என்றார்கள். வெளியூர் போயிருக்கிறாள் என்றேன்.

இன்னொன்று. அலமாரியில் சாம்பல் டப்பாவைக் காணவில்லை. எங்கள் அம்மா கொடுத்த கத்தரியைப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து எடுத்தோமே, அந்த டப்பா. எலி இழுத்திருக்கும் என்று உன் அம்மா சொல்கிறார்கள். எலி டப்பாவோடா இழுக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

நீலா


திண்டுக்கல்
2.8.2025

இயேசுவுக்குப் புகழ்!

என் நீலாக்குட்டி,

மன்னிப்பெல்லாம் எதற்கு? உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்து, சாம்பார் அடிப்பிடித்துத் திட்டு வாங்கினேன். எங்கள் செட்டில் ஆறு பேர், கடிதம் வந்தது எனக்கு மட்டும்தான், எல்லோருக்கும் என்மேல் பொறாமை!

டப்பாவை எலி இழுக்கவில்லை. நான்தான். பாதியை உனக்கு வைத்துவிட்டு வரத்தான் நினைத்தேன். இருட்டு, கரண்ட் வேறு போய்விட்டது, ஆன்டோ அண்ணன் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான், அப்படியே பைக்குள் போட்டுவிட்டேன். கோபப்படாதே. கடல் இல்லாத ஊரில் நம் கொல்லையிலிருந்து ஏதாவது ஒன்று என்னோடு இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேனா நான்? வந்த வாரமே நம் தோட்டத்தைப் பற்றி அளந்துவிட்டேன். இப்போது சமையலறைக்குப் பின்னால் இருக்கிற வெற்றிடம் என் தலையில். மதர் போகும்போதும் வரும்போதும், "காரைக்கால் தோட்டக்காரியம்மா, காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பணுமா வேணாமா?" என்று கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நாற்று வாங்க வந்தவர்களிடம் வாயாடியது நான், வேலை பார்த்தது நீ என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே செம்மண். கடப்பாரை போட்டால் டங்கென்கிறது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடிவிடுகிறது. ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டுப் போன தக்காளியில் இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. செம்பருத்தியில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ. கத்தரி விதையை எப்போது போடட்டும்? எல்லாவற்றுக்கும் பதில் எழுது, நீ எழுதினால்தான் நான் பிழைப்பேன்.

அப்புறம் நீலா, இந்த வருடம் ரொம்ப இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. தொட்டி, நாற்றுப் பை, அதோடு நிறுத்திக்கொள்ளேன். தரையில் நடுவதைக் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம். தனியாகக் கஷ்டப்படுவாயே என்றுதான் சொல்கிறேன்.

உனக்காக தினமும் ஜெபிக்கிறேன்.

உன் பெனி


நெரவி
16.8.2025

பெனி,

நீ கேட்டவற்றுக்குப் பதில்.

செம்மண்ணை நேராகக் கொத்தாதே. முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் கட்டி ஊறவிடு, மறுநாள் காலையில் கடப்பாரை தானாக இறங்கும். ஒரு முழம் ஆழம் போதும். அடியில் காய்ந்த சருகு, அதன்மேல் மக்கிய சாணி எரு, அதற்குமேல் தோண்டிய மண்ணையே போட்டு மூடு. உடனே நட்டுவிடாதே. இரண்டு வாரமாவது தண்ணீர் தெளித்து ஆறவிடு, இல்லையென்றால் உள்சூட்டில் வேர் வெந்துபோகும். நட்ட பிறகு வெறும் மண் கண்ணில் படக் கூடாது. வைக்கோலோ தென்னை மட்டையோ எது கிடைக்கிறதோ அதைப் போட்டு மூடி வை. தண்ணீர் ஓடாது.

தக்காளி இலை சுருள்வது வெள்ளை ஈ கொண்டுவரும் நோய். முழுதும் சுருண்ட செடியைப் பிடுங்கிவிடு, பாவம் பார்க்காதே. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டு, ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய். பிறகு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்து தெளி. எறும்பு ஏறுகிற வழியையும் அடை. அந்தப் பூச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து குடிவைப்பதே எறும்புதான்.

கத்தரி விதையை உடனே போடு. என் டப்பா உன்னிடம்தானே இருக்கிறது.

தரையில் நடாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்குள் நட்டுவிட்டேன். நான்கு பாத்தியும் நட்டாகிவிட்டது. நான் தனியாகக் கஷ்டப்படுவேன் என்ற கவலை உனக்கு ஜூன் மாதத்தில் வந்திருக்கலாம்.

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

போன வாரம் ஒரு பாத்தி கருகிவிட்டது. இலை நுனி காய்ந்து, மண்மேல் வெள்ளை பூத்திருந்தது. குழாய்த் தண்ணீருக்குப் பதில் உப்பான போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். பார்த்தால் உன் அம்மா. கருவாடு கழுவிய தண்ணீரை ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்.

"மீன் கழுவுன தண்ணி நல்லதுன்னு நீங்க ரெண்டு பேருந்தான சொன்னீங்க?"

"அது பச்ச மீனும்மா. இது கருவாடு. அம்புட்டும் உப்பு."

"மீனுதான, செத்தா ஒண்ணு காஞ்சா ஒண்ணா?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சிரிக்கவில்லை. குண்டானைத் தரையில் வைத்துவிட்டு, "அதான் எல்லாம் பேசியாச்சே. இன்னும் எதுக்கும்மா நட்டுக்கிட்டு கெடக்க?" என்று கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை. கருகிய பாத்திக்குக் குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்கினேன். பாதிச் செடி பிழைத்துக்கொள்ளும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆன்டோ அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கயிறு பிடித்து அளந்தார்கள். அந்த ஆள் பாத்தி மேலேயே நடந்தார். நான் பீர்க்கம் பந்தலுக்குப் பின்னால் நின்றேன். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஆன்டோ அண்ணனும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

எதற்கு அளந்தார்கள் பெனி?

நீலா


திண்டுக்கல்
10.9.2025

இயேசுவுக்குப் புகழ்!

அன்பு நீலா,

இங்கே தியான வாரம், அதனால் அதிகம் எழுத முடியவில்லை. நீ சொன்னபடி செய்தேன், கடப்பாரை நெய்யில் இறங்குவது போல இறங்கியது! கத்தரி நாற்று பச்சைப் பசேலென்று வந்திருக்கிறது. மதர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நீ கேட்டது. அண்ணனுக்கு வரிச்சிக்குடிப் பக்கம் பெண் பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்தால் பின்பக்கம் தனியாக ஒரு வீடு கட்டலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சுதான். நீ அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அம்மாவிடமும் கேட்காதே, அவர்களுக்கு பிரஷர் இருக்கிறது. நேரம் வரும்போது நானே எல்லாம் விளக்கமாக எழுதுகிறேன்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது வேரை எதிலாவது நனைக்க வேண்டுமா? பஞ்சகவ்யம் இங்கே கிடைக்காது.

உன் பெனி


நெரவி
28.9.2025

பெனிட்டா,

சிஸ்டர் இதைப் படிப்பதாக இருந்தால் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இது செடிகளைப் பற்றிய கடிதம் அல்ல.

நேற்றுக் கத்தரி முதல் பறிப்பு. நல்ல காயாகப் பார்த்து ஒரு கூடை உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு மாதமாகவே அப்படித்தான். பிரஷர் இருக்கிறது, கேட்காதே என்று நீ எழுதியது நினைவில் இருந்தது. ஆனாலும் கேட்டேன். எவ்வளவு நேரம் நின்று கேட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"எம்மேல ஏதும் கோவமாம்மா?"

"கோவம் என்னம்மா கோவம். சொன்னது ஒண்ணு செய்யிறது ஒண்ணா இருந்தா யாருக்கும் சங்கடமாத்தான் இருக்கும்."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"நீதான பெனிகிட்ட சரின்ன? ஜூன் மாசத்துக்குள்ள எல்லாத்தயும் எடுத்துக்கிர்றேன், எங்க நெரவியிலயே எடம் பாத்தாச்சுன்னு? அதக் கேட்டுத்தான ஆன்டோ பொண்ணு வூட்ல வாக்கு குடுத்தான். ஆகஸ்ட்டுல கொத்தனாரக் கூட்டியாந்து பாத்தாக்க, நீ நாலு பாத்தி நட்டு வச்சிருக்க. ஒரு பொம்பளப் புள்ள ஒழச்சு நட்டத எப்படிம்மா புடுங்குறதுன்னு அவன் பேசாம போயிட்டான். அவ போன அன்னிக்கு இதே எடத்துல நின்னு நான் கேட்டேனே, எல்லாம் சொன்னாளான்னு. சொன்னா சொன்னான்னு நீயுந்தான தலையாட்டுன?"

தலையாட்டினேன். இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீ போவதை என்னிடம் சொல்லவில்லை என்பதை மறைக்கத்தான் அன்று அப்படிச் சொன்னேன், பெனி. உனக்காக வெட்கப்பட்டுச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குள் நீ இத்தனையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் வீட்டார் பார்வையில் இத்தனை நாளும் நான் சொன்ன சொல் காப்பாற்றாதவள். இடத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுப்பவள். அப்படி நினைத்துக்கொண்டும் எனக்குக் காலையில் டீ கொடுத்தார்கள்.

எந்த இடம் பார்த்தேன் நான்? குத்தகை நிலத்தில் நடவு செய்கிறவர் என் அப்பா. எங்களுக்கு நெரவியில் என்ன இடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா?

எனக்குத் திருச்சியில் விதைக் கம்பெனி பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததை மறந்துவிட்டாயா? எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா அந்த வேலையைப் பற்றி டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நீ அன்றைக்குத் தக்காளிப் பாத்தி ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து, "நீ போயிட்டா நானும் இந்த மண்ணத் திரும்பிப் பாக்க மாட்டேன்டி" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் போகவில்லை. அப்பா வெகுநாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே இரங்கி, வாய்க்கால் தூர்வாரியபோது வண்டல் ஏற்றி அனுப்பினார்.

ஒரே ஒரு கேள்வி. தக்காளிப் பாத்தி ஓரம் அதைச் சொன்னபோது கான்வென்ட்டுக்குப் போகிற எண்ணம் உனக்கு இருந்ததா இல்லையா?

அதற்கு மட்டும் பதில் எழுது. செடிகளைப் பற்றி எழுதாதே.

நீலாயதாட்சி


திண்டுக்கல்
9.11.2025

நீலா,

இருந்தது.

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் இந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் எழுத முடிந்தது. பள்ளியில் படிக்கும்போதே இருந்தது. நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத நாட்களில் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்த பிறகு உன்னை எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் என்னைப் போகவிடவில்லை. "நீ போயிட்டா அம்மாவ யாரு பாக்குறது? நான் கல்யாணம் பண்ணி இங்கயே இருக்கணும்னா எனக்குப் பின்னாடி எடம் வேணும். அந்தச் செடியெல்லாம் போவணும். அந்தப் பொண்ணு சரின்னா நீ போ" என்றான். அந்தப் பொண்ணு சரின்னா. அவன் உன்னைக் கேட்கத்தான் சொன்னான், நீலா. அன்று இரவே சரி என்று சொல்லிவிட்டாள் என்றேன்.

உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை கொல்லைக்கு வந்தேன். ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டேன். நீ கையில் மண்ணோடு நிமிர்ந்து, "இந்த வருஷம் கத்தரி அள்ளப்போவுது பாருடி" என்றாய். மூடிக்கொண்டேன்.

இதை எழுதாமல் விட்டால் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். நான் கேட்டிருந்தால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். உன்னால் யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்காமலே சொன்னேன். அது கேட்டுச் சொன்னதைப் போலத்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைச் சொன்னேன். "இத எங்கிட்ட சொன்னா முடிஞ்சிராதும்மா" என்றார் சாமியார். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உண்மையை எழுதிப் போட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, எப்போதும் இருக்கும் வாய் இதற்கு மட்டும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

செடிகளைப் பற்றி எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று எழுதிவிடுகிறேன். உன் கத்தரி தளதளவென்று வளர்ந்து பூக்கிறது. ஒரு பூ நிற்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் கீழே கிடக்கின்றன.

பெனிட்டா


நெரவி
14.12.2025

பெனிட்டா,

முதலில் கத்தரி. உனக்காக எழுதவில்லை. அது என் அம்மாவின் விதை, அதற்காக எழுதுகிறேன்.

பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பு இருக்கும். அதைத் தாண்டிப் பச்சையாக ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். முனை உள்ளேயே அடங்கியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் உதிரும். எல்லாப் பூவும் அடங்கியே இருந்தால் செடி சத்துக்குத் திண்டாடுகிறது என்று பொருள். இலை ரொம்பத் தளதளவென்று இருந்தால் சாணித் தண்ணீரை நிறுத்து, அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி தூரில் போடு. காலையில் எட்டு மணிக்குள் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடு, மகரந்தம் கொட்டும். புளித்த மோரில் தேங்காய்ப் பால் கலந்து ஒரு வாரம் வைத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாலும் பூ நிற்கும். முதல் காயைப் பறிக்காதே. விதைக்கு விடு.

உன் கடிதம் வந்த பிறகு உன் அம்மா மழையில் நனைந்துகொண்டு நெரவிக்கே வந்தார்கள். எங்கள் வாசலில் நின்று அழுதார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் டீ போட்டேன். ஆன்டோ அண்ணனும் நல்லபடியாகப் பேசினார். வீடு கட்டுவதை நிறுத்த முடியாது, பெண் வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள், ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் கடைக்கால் தோண்டுகிறோம் என்றார். நிறுத்துங்கள் என்று நானும் கேட்கவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். என்னைக் கேட்கச் சொன்னார், நீ கேட்கவில்லை.

தொட்டிகளைச் சித்திக்கா அக்கா மாடியில் வைக்க இடம் கொடுத்தார்கள். குண்டுமல்லியைக் கார்த்திகையில் கிளை வெட்டிக் கவாத்து முடித்து, மழை ஈரத்திலேயே வேர்மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பூப்பதற்கு இங்கே வேலி இல்லை. அப்பா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் ஒதுக்கி, மூங்கில் நட்டு வலை கட்டித் தருகிறேன் என்கிறார். ஆனால் அங்கே சுத்தக் களிமண். மழையில் கால் புதையும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். மல்லிகை இன்னும் துளிர்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. அப்படி எழுதினால் அதுவும் அன்று உன் அம்மாவிடம் சொன்ன "சொன்னா, சொன்னா" போலத்தான் இருக்கும். அதனால் எழுதவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் இருக்கிறது. நீ நல்ல சிஸ்டராக வருவாய் என்றும் தோன்றுகிறது. இரண்டும் இருக்கிறது.

இத்தனை பக்கம் எழுதியது ஒன்றைக் கேட்பதற்காக. முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும், என் வழக்கப்படி கடைசி வரை வந்துவிட்டேன்.

போன வாரம் கொத்தனார் கோவிந்தராசு பாத்தியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இது பொதபொதன்னு மக்குன மண்ணுங்க தம்பி, கட்டடத்துக்கு ஆவாது. ஒண்ணர அடி அள்ளி ரோட்டுப் பள்ளத்துல கொட்டிட்டு கிராவல் அடிச்சிருவோம்" என்று ஆன்டோ அண்ணனிடம் சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மண்ணைக் கேட்கப் போனேன். பூவாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். கவாத்துக் கத்தரிக்கோலோடு வந்தேன். "இன்னும் ஏதாச்சும் வேணுமா நீலா? வெக்கப்படாம கேளு" என்றார் ஆன்டோ அண்ணன். "ஒண்ணும் வேணாண்ணே" என்றேன். ஒரு வீட்டு வாசலில் நின்று உங்கள் மண்ணைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஆனால் அது உங்கள் வீட்டு மண் இல்லை, பெனி. உனக்குத் தெரியும். உங்கள் வீட்டு மண் அதற்குக் கீழே இருக்கிறது. வெள்ளை மணல், நாக்கில் வைத்தால் கரிக்கும். முதல் வருடம் அதில் அருகம்புல்கூட வரவில்லை. நாம் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மிதித்து மடக்கினோம். மறுபடி விதைத்து மறுபடி மடக்கினோம். அப்பா அனுப்பிய வண்டல், நீ பட்டினச்சேரிக்குப் போய்ப் பஸ்ஸில் எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்து வந்த மீன் கழிவு, தெருவெல்லாம் கூட்டிச் சேர்த்த சருகு, எங்கள் மாட்டுச் சாணி. முதல் மண்புழுவைப் பார்த்த அன்று நீ கத்திய கத்தலில் உன் அம்மா பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்கள். அந்த ஒன்றரை அடியை நாம் உண்டாக்கினோம். நீ அதை விட்டுவிட்டுப் போனாய். நான் விடவில்லை.

களியோடு அதைக் கலந்தால் களி விட்டுக்கொடுக்கும். இரண்டு மழையில் அதுவும் நல்ல மண்ணாகிவிடும். அப்பா ஒரு டிராக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆன்டோ அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுது. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் மேல் மண் முழுவதையும் நீலா வந்து அள்ளிக்கொள்ள வேண்டும் என்று உன் கையால் எழுது. ராஜாக்கள் திருநாளுக்கு முன்னால் கிடைக்கும்படி எழுது. இந்த முறை நான் சரி என்று சொன்னதாக எழுதாதே. நான் கேட்டதாக எழுது.

நீலாயதாட்சி